ஜவ்வாது மலைக்கு எந்த அடுப்பு: பெட்ரோலா, கேஸ் குப்பியா?

ஜமுனாமரத்தூர் பக்கம் ஓரிரவு கூடாரம் போட்டுத் தங்க, கேஸ் குப்பி அடுப்பே போதும் என்பேன். திருகிப் பொருத்திப் பற்றவைத்தால் உடனே நீலச் சுடர். குப்பிக்குள் திரவமாக இருக்கும் பியூட்டேன் வாயு, குளிர் 0 டிகிரியை நெருங்கினால்தான் ஆவியாக முரண்டு பிடிக்கும். மார்கழியிலும் இந்த மலையில் அவ்வளவு குளிர் அரிது. குப்பியில் மிச்சம் எவ்வளவு என்று ஆட்டிப் பார்த்து ஊகிப்பதுதான் தொல்லை.

பெட்ரோல் அடுப்புக்குப் பொறுமை வேண்டும். பம்ப் அடித்து அழுத்தம் ஏற்றி, சிறு கிண்ணத்தில் கொஞ்சம் எரிபொருளை எரித்துக் குழாயைச் சூடாக்க வேண்டும். அதற்குள் வால்வைத் திறந்தால் மஞ்சள் தீ முழ உயரம் எழும்பும், பாத்திரமெல்லாம் கரி. காது கிழிக்கும் சீறல் வேறு! ஆனால் பல நாள் நடைக்கும், பெரிய பானைச் சோற்றுக்கும் அதுவே கைகொடுக்கும், தீர்ந்தால் நிரப்பிக்கொள்ளலாம்.

இரண்டையுமே கூடாரத்துக்குள் பற்றவைக்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி முதலில்.