ஹோம் நர்ஸுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்: எங்களுக்கு ₹46,500 போனது

ஹோம் நர்ஸை அனுப்பிய ஏஜென்சிக்காரர் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார் என்பது நேற்று மாலைதான் தெரிந்தது. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று விட்டால் எழுதவே மாட்டேன்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தனியாக வசிக்கும் என் பெரியம்மாவுக்கு வயது 82. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, கோவையில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. எனக்கோ பொள்ளாச்சியில் வேலை, விடுப்பு தீர்ந்திருந்தது. வீட்டுக்கு ஆள் அனுப்பும் கோவை ஏஜென்சி ஒன்றைப் பிடித்தேன். பதிவுக் கட்டணம் 4,500, ஒரு மாதச் சம்பளம் முன்கூட்டியே 27,000, திருப்பித் தருவதாகச் சொன்ன டெபாசிட் 15,000, ஆக 46,500 ரூபாய்.

எங்கள் பக்கத்தில் நோயாளியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, டயப்பர் மாற்றும் எவரையும் ஹோம் நர்ஸ் என்றே அழைப்போம்; அந்தப் பெயரால் ஒருவர் நர்சிங் படித்தவராகிவிட மாட்டார் என்பது எனக்குத் தெரியாததல்ல. இருந்தும், ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தவர் என்று ஏஜென்சியில் சொன்னபோது நான் நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்கவில்லை. காரணம், பணம் கட்டுவதற்கு முன் வீடியோ காலில் வந்த அந்தப் பெண், பாதி மலையாளம் கலந்த எங்கள் ஊர்த் தமிழிலேயே, "அம்மே, சாயா குடிச்சாச்சா?" என்று கேட்க, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத பெரியம்மா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்த கையோடு பணத்தை அனுப்பினேன்.

அந்தப் பெண் ஐந்து நாள் இருந்தார். ஆறாம் நாள் காலை, கடைக்குப் போவதாகச் சொல்லிப் பையோடு கிளம்பியவர் திரும்பவில்லை. படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் பஞ்சாயத்து பாலியேட்டிவ் (வலி தணிப்புப் பராமரிப்பு) நர்ஸ் வந்து பெரியம்மாவைப் புரட்டிப் பார்த்தபோது முதுகின் அடியில் தோல் பிய்ந்து படுக்கைப் புண் தொடங்கியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டியவரை இரவெல்லாம் ஒரே கிடையில் போட்டிருக்கிறார்கள்.

ஏஜென்சியை அழைத்தால் முதலில் "மாற்று ஆள் நாளைக்கு வந்துவிடுவார்" என்றார்கள். அந்த நாளை ஒன்பது நாள் நீண்டது. பிறகு மேடம் மீட்டிங்கில் இருக்கிறார், கணக்கர் ஊரில் இல்லை என்றார்கள். ஆள் ஐந்து நாள் வேலை செய்ததால் முன்பணம் திரும்பாது என்று ரசீதின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பதை ஒருவர் எனக்கே வாசித்துக் காட்டினார். டெபாசிட்டையாவது தாருங்கள் என்றதற்கு, "நீங்கள் கேரளா, இங்கே வந்து என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டார். 46,500 ரூபாயை விட அந்தக் கேள்விதான் உறுத்துகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நாம் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் இல்லை. பெரியம்மாவின் பெயரில் பாலக்காட்டில் போடப்போகிறேன்.

விரிவாக ஆலோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், நேரமில்லை. நர்ஸ் என்று சொன்னால் பதிவு எண்ணைக் கேளுங்கள். மாதச் சம்பளத்தை முழுதாக முன்பணமாகக் கட்டாதீர்கள், வாரக் கணக்கில் கொடுங்கள். ரசீதின் பின்பக்கத்தைப் பணம் அனுப்புவதற்கு முன் படியுங்கள். கேரளப் பக்கம் இருப்பவர்கள் முதலில் பஞ்சாயத்து பாலியேட்டிவ் பிரிவில் பெயர் கொடுங்கள். அவர்கள் தங்கிப் பார்க்க மாட்டார்கள் என்றாலும், வந்து பார்ப்பவர் புண்ணைக் கண்டுபிடிப்பார், காசும் கேட்க மாட்டார்.

மணி நான்காகிறது, பெரியம்மாவைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும்.