மூன்று ஜன்னல்கள், 1,86,400 ரூபாய்: வெயில் தடுக்கும் கண்ணாடி போட நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நேற்று மாலை என் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. புதிதாகப் போட்ட ஜன்னல் கண்ணாடிகளைப் பற்றிய என் புகார் தீர்வு காணப்பட்டு முடித்து வைக்கப்பட்டுவிட்டதாம். என்ன தீர்வு கண்டார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இரட்டைக் கண்ணாடிகளுக்கு நடுவே ஆவி படிந்து நிற்கிறது, வெளியே மூங்கில் தட்டி கட்டாமல் மாலை 4 மணிக்கு ஹாலில் உட்கார முடியாது, அலமாரியில் இருக்கும் புத்தகங்கள் வெளுத்துவிட்டன, என்னுடைய 1,86,400 ரூபாய் போனது போனதுதான். கோபம் ஆறிய பிறகு எழுதலாமே என்றார் என் கணவர். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்பதால்தான் இன்றே எழுதுகிறேன்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போவதால் பெயரை எழுத வேண்டாம் என்று தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆகவே வகையை மட்டும் சொல்கிறேன். வீட்டு வேலைகளுக்கு ஆட்களை ஏற்பாடு செய்து தரும் கைபேசிச் செயலி ஒன்று. அது அனுப்பி வைத்த ஜன்னல், கண்ணாடிக் கடை ஒன்று. செயலியில் அந்தக் கடையின் பெயருக்குப் பக்கத்தில் சரிபார்க்கப்பட்டது என்ற பச்சை முத்திரை இருந்தது. யார், எதைச் சரிபார்த்தார்கள் என்பதை அவர்களே அறிவார்கள்.

எங்கள் வீடு திருச்சியில் இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் கட்டியபோது தெரு மேற்கே இருந்ததால் ஹாலும் முன் படுக்கையறையும் மேற்குப் பார்த்தே அமைந்துவிட்டன. ஜன்னலுக்கு மேல் இரண்டடிக்குச் சன்ஷேடு உண்டு. வெயில் உச்சியில் இருக்கும் வரை அது பயன்படும், சூரியன் சாய்ந்த பிறகு அதன் அடியில் புகுந்து நேராக ஹாலுக்குள் வந்துவிடும். ஊஞ்சல் பலகையின் ஒரு பாதி தேக்கின் நிறத்திலும் மறுபாதி காய்ந்த வைக்கோல் நிறத்திலும் இருக்கிறது. அலமாரியில் சிவப்பு முதுகு கொண்ட புத்தகங்கள்தான் முதலில் வெளுத்தன, நீலம் கொஞ்சம் தாக்குப் பிடித்தது. என் மாமியாரின் வண்ணப் புகைப்படத்தில் புடவையின் அரக்குக் கரை மஞ்சளாக மாறிய பிறகுதான் இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவு செய்தோம். திரையைப் போட்டால் அறை இருட்டாகிறது, வெப்பமோ திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தேங்கி அறைக்குள்ளேயே பரவுகிறது.

மார்ச் மாத நடுவில் செயலி வழியாகப் பதிவு செய்தோம், மறுநாளே கடையிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். நான் முப்பத்து மூன்று ஆண்டுகள் இயற்பியல் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒளியியல் பாடத்தை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அந்த இளைஞர் ஒரு விளக்கைக் காட்டித்தான் என்னை ஏமாற்றினார்.

அவர் கொண்டு வந்த பெட்டியில் சிவப்பாக எரியும் வெப்ப விளக்கு ஒன்றும் கையகலக் கண்ணாடித் துண்டுகள் மூன்றும் இருந்தன. சாதாரணக் கண்ணாடிக்குப் பின்னால் கையை வைக்கச் சொன்னார், சுட்டது. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சு கொண்ட, லோ-இ எனப்படும் அவருடைய கண்ணாடிக்குப் பின்னால் வைக்கச் சொன்னார், சூடே தெரியவில்லை. பிறகு புற ஊதா டார்ச்சை எடுத்து ஒரு 500 ரூபாய்த் தாளின் மேல் அடித்தார். தாளின் பாதுகாப்பு இழையும் வரிசை எண்களும் ஒளிர்ந்தன. கண்ணாடித் துண்டை நடுவில் பிடித்ததும் அணைந்துவிட்டன. "பாத்தீங்களாம்மா, இனிமே உங்க ஊஞ்சல் வெளுக்கவே வெளுக்காது" என்றார்.

அந்த விளக்கு ஏறத்தாழ முழுவதும் அகச்சிவப்புக் கதிரையே உமிழும். தரைக்கு வரும் வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழ பாதிதான் அகச்சிவப்பு. மீதியில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியும் ஒளி, அதுவும் அறைக்குள் வந்து வெப்பமாகத்தான் மாறுகிறது. அகச்சிவப்பை மட்டும் தடுக்கும் ஒரு துண்டு விளக்கின் முன் அற்புதமாகத் தெரியும், வெயிலின் முன் அந்த அளவுக்குத் தெரியாது. வெளுப்பதற்கும் புற ஊதா மட்டும் காரணமில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்துதான் சாயத்தைக் கெடுக்கின்றன. எந்தக் கண்ணாடியும் வெளுப்பதை மெதுவாக்குமே தவிர நிறுத்தாது. இவை எல்லாம் எனக்குத் தெரிந்தவைதான், இருந்தும் அன்றைக்கு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

நான் நம்பியதற்கு உண்மையான காரணம் அந்தப் பெட்டியும் இல்லை. சமையலறையின் வடக்கு ஜன்னலுக்கும் சேர்த்து விலை சொல்லுங்கள் என்று நானாகவே கேட்டேன். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அது வேண்டாம்மா, வீண் செலவு, அங்க வெயிலே விழாது, எங்க அம்மாவா இருந்தா நான் போட விடமாட்டேன்" என்றார். வந்த வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்லும் பிள்ளை பொய் சொல்லுமா என்று நினைத்துவிட்டேன். வாசலில் காலணியைக் கழற்றி வைத்ததையும், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரைச் சமையலறையிலேயே கொண்டு வைத்ததையும் அன்றிரவு என் கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் அந்த வடக்கு ஜன்னல்தான் தூண்டிலில் மாட்டிய புழு.

போகும் போக்கில் 'இகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற பெயரையும் சொல்லி, அரசாங்கமே இப்படிப்பட்ட கண்ணாடியைத்தான் போடச் சொல்கிறது என்றார். பிறகு தேடிப் படித்தேன். அது எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் வெளியிட்ட விதித்தொகுப்பு. வெளியிட்டபோது அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் புதிதாகக் கட்டும் குடியிருப்புகளுக்கானதாக இருந்தது. எங்கள் பழைய வீட்டின் ஜன்னலுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஹாலில் ஏழடிக்கு ஆறடியில் இரண்டு ஜன்னல்கள், படுக்கையறையில் ஏழடிக்கு நாலடியில் ஒன்று, மொத்தம் 112 சதுர அடி. யுபிவிசி பிளாஸ்டிக் சட்டத்தோடு லோ-இ இரட்டைக் கண்ணாடி, சதுர அடி 1,450 ரூபாய். பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தக் கூலி 24,000 ரூபாய். ஆக 1,86,400 ரூபாய். இதில் 1,30,000 ரூபாயை முன்பணமாகக் கேட்டார். செயலி வழியாகக் கட்டினால் வரியும் சேவைக் கட்டணமும் ஏறும், கடைக் கணக்குக்கு நேராக அனுப்பினால் உங்களுக்குத்தான் மிச்சம் என்றார். அனுப்பினேன். பொருத்தி முடித்த அன்று மீதி 56,400 ரூபாயையும் அனுப்பினேன். மதிப்பீட்டுத் தாளில் 6-12-6 (6 மில்லிமீட்டர் கண்ணாடிகள் இரண்டு, நடுவில் 12 மில்லிமீட்டர் இடைவெளி) லோ-இ, டஃபன் செய்தது (சூடாக்கி உறுதியாக்கியது) என்று தெளிவாக எழுதியிருந்தவர், ரசீதில் "கண்ணாடி வேலை, 3 ஜன்னல்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். அதையும் பார்த்துவிட்டுத்தான் மடித்து வைத்தேன். இந்த இடத்தில் தவறு என்னுடையது, மறைக்க விரும்பவில்லை.

கத்திரி வெயில் தொடங்கிய மே 4ஆம் தேதியே மாலையில் ஹால் பழையபடி கொதித்தது. முதலில் பிரமை என்று நினைத்தேன். ஒரு சிவப்பு சார்ட் தாளின் பாதியை அட்டையால் மூடிப் புதிய ஜன்னலுக்கு உள்ளே ஒட்டி வைத்தேன். மூன்று வாரம் கழித்து அட்டையை எடுத்தபோது மூடாத பாதி ரோஸ் நிறத்துக்கு இறங்கியிருந்தது. இதற்கு நடுவே ஒரு நாள் கோடை மழை பெய்தது, மறுநாள் காலை படுக்கையறை ஜன்னலில் மூடுபனி போல் ஆவி படிந்திருந்தது. உள்ளேயும் துடைத்தேன், வெளியேயும் துடைத்தேன், போகவில்லை. இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் அல்லவா படிந்திருக்கிறது.

சென்னையில் பெரிய கட்டடங்களுக்குக் கண்ணாடி முகப்பு பொருத்தும் வேலை செய்யும் என் அக்கா மகன் அந்த வாரம் வந்திருந்தான். இரவில் விளக்கை அணைத்துவிட்டு லைட்டரை ஏற்றிக் கண்ணாடி முன் பிடித்தான். இரட்டைக் கண்ணாடியில் நான்கு பரப்புகள் இருப்பதால் நான்கு சுடர்கள் தெரியும். ஏதாவது ஒரு பரப்பில் லோ-இ பூச்சு இருந்தால் அந்த ஒரு சுடர் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். "சித்தி, நாலும் ஒரே நிறம்தான்" என்றான். மூன்று ஜன்னல்களிலும் அப்படியேதான் இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது லேசாக நீலம் ஏற்றிய சாதாரணக் கண்ணாடி இரண்டு, அவ்வளவுதான்.

இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே ஓரத்தில் இருக்கும் அலுமினியப் பட்டையையும் அவன் டார்ச் அடித்துக் காட்டினான். ஒழுங்காகச் செய்ததில் அந்தப் பட்டையின் உள்பக்கம் ஊசித் துளைகள் இருக்கும், பட்டைக்குள் ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கும், ஓரத்தை இரண்டு அடுக்காக அடைத்திருப்பார்கள். எங்களுடையதில் துளையே இல்லை, ஓரத்தில் சிலிக்கானை மட்டும் இழுத்துவிட்டிருந்தார்கள். இதில் உண்மையான லோ-இ வெள்ளிப் பூச்சு இருந்திருந்தாலும் இந்த ஈரத்தில் கறுத்துப் போயிருக்கும் என்றான். டஃபன் செய்த கண்ணாடியின் மூலையில் இருக்க வேண்டிய முத்திரையும் எதிலும் இல்லை. மறுநாள் கடைவீதியில் ஒரு புற ஊதா டார்ச் வாங்கி வந்து, அந்த இளைஞர் செய்த அதே சோதனையை என் ஜன்னலில் செய்தேன். ரூபாய்த் தாள் கண்ணாடிக்குப் பின்னாலும் மங்கலாக ஒளிர்ந்தது. அவர் காட்டிய துண்டு வேறு, மாட்டிய கண்ணாடி வேறு.

அன்றிலிருந்து நேற்று வரை நடந்ததை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. கடைக்குப் பேசினால், குளிர்சாதனத்தை அதிகமாக ஓட்டுவதால்தான் ஆவி படிகிறது, குறைத்து வையுங்கள் என்றார்கள். குளிர்சாதனமே இல்லாத ஹாலிலும் படிகிறதே என்றேன். ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். நான்கு முறை தேதி சொன்னார்கள், நான்கு நாளும் மாலை வரை காத்திருந்தேன். லைட்டர் சோதனையைப் பற்றிச் சொன்னதும் குரல் மாறிவிட்டது. அதெல்லாம் இணையத்தில் கிளப்பிவிடும் கதை என்றார் ஒருவர். புத்தகம் வெளுப்பதற்கு அட்டையின் தரம்தான் காரணம் என்றார் இன்னொருவர். அம்மா, அம்மா என்று அழைத்த அந்த இளைஞர் வேலையை விட்டுப் போய்விட்டாராம்.

செயலியின் உதவிப் பிரிவோ இன்னும் மேல். நாங்கள் அறிமுகம் மட்டும்தான் செய்து வைக்கிறோம், பணம் எங்கள் வழியாக வராததால் உத்தரவாதம் செல்லாது என்று ஒவ்வொரு முறையும் ஒரே வாசகத்தை அனுப்பினார்கள். படங்களைக் கேட்டார்கள், அனுப்பினேன். பதினைந்து நாள் கழித்து வேறொருவர் வந்து மறுபடியும் அதே படங்களைக் கேட்டார். கடைசியாக, நான் எழுதிய ஒற்றை நட்சத்திர மதிப்புரையை நீக்கினால் அடுத்த சேவைக்கு 500 ரூபாய் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். 1,86,400 ரூபாய்க்குப் பதில் 500 ரூபாய்! நீக்க மாட்டேன் என்று எழுதினேன், நேற்று புகாரை முடித்துவிட்டார்கள்.

எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காட்டும் துண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாட்டிய கண்ணாடியில் லைட்டரையும் டார்ச்சையும் வைத்துப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். லோ-இ என்ற சொல் மட்டும் போதாது. நம் ஊருக்கு வேண்டியது வெயிலின் வெப்பத்தைத் தடுக்கும் வகை. குளிர் நாடுகளில் அறையின் சூட்டை உள்ளே பிடித்து வைக்கும் வகையும் அதே பெயரில்தான் விற்கிறது. எஸ்.எச்.ஜி.சி. என்ற எண்ணைக் கேளுங்கள், வெயிலின் வெப்பத்தில் எவ்வளவு பங்கு கண்ணாடி வழியாக உள்ளே வரும் என்பதை அது சொல்லும். சாதாரண ஒற்றைக் கண்ணாடியில் அது 0.8ஐத் தாண்டும், நமக்கு ஏற்ற நல்ல இரட்டைக் கண்ணாடியில் 0.3ஐ ஒட்டி இருக்கும். அந்த எண்ணும் கண்ணாடித் தயாரிப்பாளரின் பெயரும் ரசீதிலேயே இருக்க வேண்டும். புற ஊதாதான் கவலை என்றால் நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியே பெரும்பகுதியைத் தடுத்துவிடும். வரி மிச்சம் என்று யாராவது சொன்னால் வாசலைக் காட்டுங்கள்.

இப்போதைக்கு ஜன்னல்களுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டியிருக்கிறோம். வெயில் கண்ணாடியில் படுவதற்கு முன்பே நின்றுவிடுவதால் ஹாலில் உட்கார முடிகிறது. மூன்று தட்டிக்கும் சேர்த்து 2,700 ரூபாய் ஆயிற்று. இதை மார்ச் மாதமே செய்திருக்கலாம் என்று என் கணவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும் என்று வழக்கறிஞர் சொன்னார். திங்கட்கிழமை மனுவைக் கொடுக்கிறேன். மதிப்பீட்டுத் தாள், பணம் அனுப்பிய சான்று, பாதி வெளுத்த சார்ட் தாள், எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டாயிற்று. "கண்ணாடி வேலை" என்று எழுதிய அந்த ரசீதை மட்டும் எந்தப் புத்தகத்துக்குள் மடித்து வைத்தேன் என்று நேற்றிரவு முதல் தேடிக்கொண்டிருக்கிறேன்.