அப்பாவின் கசற்றும் போர் ஆவணப்படங்களும்

பேத்திக்கு வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் உலகப்போர் பற்றி ஒப்படை. ஆவணப்படம் ஒன்றைப் போட்டுக் காட்டுவதா, 1993-இல் என் அப்பா பேசிப் பதிந்த கசற்றைக் கேட்க வைப்பதா என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் கசற்றைத்தான் முதலில் போட்டேன்.

அப்பா கடற்படைத் தொண்டராகத் திருகோணமலைத் துறைமுகத்தில் இருந்தவர். 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது அவருக்கு 20 வயது.

முழு விவரமும் வேண்டுமென்றால் ஆவணப்படம்தான், அதில் மறுபேச்சில்லை. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் தான் படுத்துக் கிடந்த குழியும் எரிந்த எண்ணெய்த் தாங்கியும்தான். நாலு நாள் முன்னர், ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பைத் தாக்கியதும் ஜப்பானியக் கடற்படைத் தளபதி நகுமோவின் அதே விமானந்தாங்கிக் கப்பல்கள்தான் என்பதை நான் படத்தில்தான் அறிந்தேன். 9ஆம் தேதிக்கு முதல்நாளே திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போயிருந்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், தன்னிடம் ஒரு விமானமும் இல்லாமல் நம் மட்டக்களப்புக் கடலில் அகப்பட்டது. 307 பேர் மாண்டார்கள். அது பின்னேரம் தாண்டதென்றே அப்பா கடைசிவரை சொன்னார். உண்மையில் காலை 11 மணிக்கு முன்னமே முடிந்துவிட்டது. பின்னேரம் என்பது அவர் காதுக்குச் செய்தி எட்டிய நேரமாக இருக்கவேண்டும். ஆனால் நான் பார்த்த படங்களில் பேர்ள் துறைமுகத்திலிருந்து மிட்வே கடற்போருக்குத் தாவும்போது நம் கடலுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம்தான்.

எனக்கு முடிவைத் தந்தது ஒரே விடயம்: ஆவணப்படத்திடம் திரும்பக் கேட்க முடியாது.

வயிற்றில் காயப்பட்ட ஒருவன் அன்று அப்பாவிடம் தண்ணீர் கேட்டானாம். அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்கக்கூடாதென்று சொல்லி வைத்திருந்தார்கள். "குடுத்தீங்களா அப்பா?" என்று பத்து வயதில் கேட்டேன். "நீ படிக்கிற வேலையப் பாரு மகள்" என்றார். கலியாணம் முடித்த பிறகு ஒருதரம் கேட்டேன். எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். கசற்றில் நான் கேட்கவேயில்லை, அவராகவே சொல்கிறார்: "தண்ணி குடுக்கல்ல. மறுகா, ரெண்டு விரல நனைச்சு அவன்ட உதட்டில வெச்சன்." அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் காற்றாடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. 20 வயதில் நடந்ததற்கு 72 வயதில்தான் பதில் வந்தது. எத்தனைதரம் பார்த்தாலும் படம் சொன்னதையேதான் சொல்லும்.

அந்தப் பதிலையும் தக்கவைக்கப் பாடுபடவேண்டியிருந்தது. கசற் பெட்டிக்குள் பூஞ்சணம் பிடித்து, இரண்டாம் பக்கம் முழுக்க இரைச்சலாகிவிட்டது. டவுனில் றேடியோ திருத்தும் ஒருவர் நாடாவைத் துடைத்து, வேறு கூட்டில் மாற்றிச் சுற்றி, முதல் பக்கத்தை மட்டும் மீட்டுத் தந்தார். இரண்டாம் பக்கத்தில் இருந்ததைத் திரும்பச் சொல்ல இப்போது அப்பா இல்லை. ஆவணப்படம் அடுத்த வருசமும் இருக்கும்.

நான் சொல்வது ஒரே ஒரு மனிதரோடு இருந்த அனுபவம். அதுவும் தூரத்து அரசுகள் நடத்திய போர். பிறகு நம் ஊர்களுக்குள்ளேயே நடந்ததில் இருந்த தாய் தகப்பனிடம் இப்படித் திரும்பத் திரும்பக் கேட்பது சரியா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. சிலருக்கு அது பழைய காயத்தைக் கிளறுவதாகிவிடும். அவர்கள் வேண்டாமென்றால் விட்டுவிடவேண்டும்.

பேச விருப்பமுள்ளவர் வீட்டில் இருந்தால், படத்தைப் பிறகு பார்க்கலாம். காற்றாடியை நிற்பாட்டிவிட்டு, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருங்கள். "சண்டையப் பற்றிச் சொல்லுங்க" என்றால் அப்பா வாய் திறக்கமாட்டார். "அண்டைக்குக் காலம என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டபோதுதான் தொடங்கினார்.