பிளஸ் டூ வேதியியல் திருப்புதலுக்கு அட்டைப்பெட்டி: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை இரண்டாம் ஆண்டு வேதியியலைத் தமிழ்வழியில் கற்பிக்கும் ஆசிரியர் என்ற முறையில், திருப்புதலுக்காக, வினா-விடை அட்டைகளை அறைகள் பிரித்த பெட்டியில் வைத்துப் படிக்கும் அட்டைப்பெட்டி முறையைப் பல கல்வியாண்டுகளாக என் மாணவர்களிடம் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். ஒரு கற்றல் முறை அறிமுகமான புதிதில் எல்லோருக்கும் பிடித்துப்போகும். அதன் புதுமை தேய்ந்த பிறகும் மாணவர் கையில் நிற்கிறதா என்பதைத்தான் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளும் பெற்றோரும் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். வேதியியலில் நினைவில் நிறுத்த வேண்டிய செய்திகளுக்கு இதைவிட மலிவான, இதைவிடப் பயனுள்ள கருவியை நான் கண்டதில்லை. கணக்குகளுக்கும், சமன்பாடுகளைப் படிப்படியாக நிறுவும் வருவித்தல்களுக்கும் இதை மட்டும் நம்பியிருப்பது போதாது என்பதையும் அதே உறுதியுடன் சொல்வேன்.

பாடத்தின் அளவைப் பார்த்தாலே இப்படி ஒரு முறை ஏன் தேவைப்படுகிறது என்பது விளங்கும். இரண்டு தொகுதிகளில் உலோகவியல் தொடங்கி அன்றாட வாழ்வில் வேதியியல் வரை 15 அலகுகள் உள்ளன. எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்களுக்கு நடைபெறுகிறது. செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. இரண்டு மதிப்பெண் பகுதியிலும் மூன்று மதிப்பெண் பகுதியிலும் ஒன்பதில் ஆறுக்கு விடையளிக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரு வினா கட்டாயம். ஐந்து மதிப்பெண் பகுதியில் ஐந்து வினாக்கள், ஒவ்வொன்றும் 'அல்லது' வகை. சில அலகுகளை முற்றிலும் ஒதுக்கிவிட்டு வேண்டியவற்றை மட்டும் படிப்பது இந்த அமைப்பில் ஆபத்தானது, ஏனெனில் ஒரு மதிப்பெண் வினா எந்த மூலையிலிருந்தும் வரலாம், கட்டாய வினாவைத் தவிர்க்கவும் வழியில்லை. ஜூனில் படித்த திடநிலைமை மார்ச்சில் நினைவில் இருக்க வேண்டும் என்பதே மாணவரின் உண்மையான சிக்கல்.

பெட்டியின் அமைப்பு எளிது. 1970-களில் ஜெர்மன் மொழியில் எழுதிய அறிவியல் இதழாளர் செபாஸ்டியன் லைட்னர் பரப்பிய முறை இது. ஒரு காலணிப் பெட்டியை ஐந்து அறைகளாகத் தடுத்து, சார்ட் தாளை வெட்டிச் செய்த அட்டைகளின் ஒரு பக்கத்தில் வினாவையும் மறுபக்கத்தில் விடையையும் எழுதி, எல்லாவற்றையும் முதல் அறையில் வைக்க வேண்டும். சரியாக விடை எழுதிய அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறிய அட்டை எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்கே திரும்பும். முதல் அறையை நாள்தோறும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படித்து மகிழும் இயல்பான பழக்கத்தை இந்த ஏற்பாடு தானாகவே தடுத்துவிடுகிறது.

மாணவர்கள் முதலில் இதை விரும்புவதில்லை, அதற்குக் காரணமும் உண்டு. பாடநூலை மறுபடி வாசிப்பதும் முக்கிய வரிகளை வண்ணப் பேனாவால் தீட்டுவதும் 'தெரிந்துவிட்டது' என்ற நிறைவைத் தருகின்றன. அட்டையைப் பார்த்து விடை வராமல் திணறுவதோ தோல்விபோல் தோன்றுகிறது. அமெரிக்காவின் ரோடிகர், கார்பிக் என்னும் இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடையளிக்கிறது. ஓர் உரைப்பகுதியை மீண்டும் படித்தவர்கள், படித்து ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் சற்று முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, மீண்டும் படித்தவர்கள் 42 விழுக்காடும், இடையில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். இந்த முடிவை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் கரும்பலகையில் எழுதி விளக்குகிறேன். திணறல்தான் வேலை நடப்பதற்கான அடையாளம் என்று மாணவர் நம்பத் தொடங்கினால் பெட்டியைப் பாதியில் கைவிடுவதில்லை.

நெடுநாள் பயன்பாட்டில் நான் மிகுதியாகக் கற்றது, அட்டையில் என்ன எழுதுவது என்பதைப் பற்றித்தான். கரிம வேதியியலை எடுத்துக்கொள்வோம். 'கான்னிசாரோ வினை பற்றிக் குறிப்பு வரைக' என்று எழுதிய அட்டையால் பயனில்லை. விடையில் பாதி தெரிந்தால் அது சரியா தவறா என்று மாணவரால் முடிவு செய்ய இயலாது. அதையே மூன்று அட்டைகளாகப் பிரிக்கிறோம். எத்தகைய ஆல்டிஹைடு இதில் ஈடுபடும் என்பது ஒன்று: ஆல்பா ஹைட்ரஜன் இல்லாதது. பென்சால்டிஹைடைச் செறிந்த சோடியம் ஹைட்ராக்சைடுடன் சேர்த்தால் விளைபவை எவை என்பது இரண்டாவது: பென்சைல் ஆல்கஹாலும் சோடியம் பென்சோயேட்டும். மூன்றாவது எதிர்த்திசையில் கேட்கிறது: ஒரே ஆல்டிஹைடிலிருந்து ஆல்கஹாலும் அமில உப்பும் ஒருங்கே கிடைத்தால் நடந்த வினை யாது? தேர்வில் 'சேர்மங்களைக் கண்டறிக' என்று வரும் வினாக்கள் பெரும்பாலும் இந்த எதிர்த்திசையில்தான் அமைகின்றன. விளைபொருளிலிருந்து பின்னோக்கிச் செல்லும் பழக்கம் இல்லாத மாணவர், எல்லா வினைகளும் தெரிந்திருந்தும் அங்கே நின்றுவிடுகிறார்.

அடுத்தபடியாக, ஒன்றோடொன்று குழம்பக்கூடிய இணைகளுக்குத் தனி அட்டைகள் வேண்டும். பீனாலைக் குளோரோபார்ம், காரத்துடன் சேர்த்தால் சாலிசிலால்டிஹைடு என்பது ரீமர்-டீமன் வினை. சோடியம் பீனாக்சைடுடன் கார்பன் டைஆக்சைடு வினைபுரிந்து, பின் அமிலத்தால் சாலிசிலிக் அமிலம் கிடைப்பது கோல்ப் வினை. அமைடை லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடால் ஒடுக்கினால் கார்பன் எண்ணிக்கை மாறாத அமீன். புரோமினும் காரமும் சேர்ந்த ஹாஃப்மன் வினையில் ஒரு கார்பன் குறைந்த அமீன். கார்பனைல் தொகுதியை மெத்திலீன் தொகுதியாக்கும் இரண்டு ஒடுக்கங்களில் கிளமன்சன் அமில ஊடகத்திலும் உல்ஃப்-கிஷ்னர் கார ஊடகத்திலும் நடைபெறும். இவற்றைத் தனித்தனியாகப் படித்தவர் தேர்வறையில் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதிவிடுவதை விடைத்தாள்களில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரே அட்டையில் எதிரெதிரே நிறுத்தி 'வேறுபாடு என்ன?' என்று கேட்ட பிறகு அந்தப் பிழை கண்கூடாகக் குறைந்தது.

'ஏன்' என்று கேட்கும் அட்டைகள்தாம் எனக்கு மிகவும் பிடித்தவை. துத்தநாக அயனி ஏன் நிறமற்றது? அதன் டி-ஆர்பிட்டால்கள் முழுமையாக நிரம்பியிருப்பதால் நிறம் தரும் டி-டி எலக்ட்ரான் பரிமாற்றத்துக்கு இடமில்லை. அமிலக் குளோரைடை ஆல்டிஹைடாக்கும் ரோசன்முண்ட் ஒடுக்கத்தில் பேரியம் சல்பேட் எதற்கு? அது வினையூக்கியான பல்லேடியத்தின் வேகத்தைக் குறைக்கும் வினையூக்கி நச்சாகச் செயல்பட்டு, உருவான ஆல்டிஹைடு மேலும் ஆல்கஹாலாக ஒடுங்காமல் காக்கிறது. காரணத்தோடு பதிந்த செய்தியை மறப்பது கடினம். அட்டையைத் திருப்பும் முன் விடையை ஒரு தாளில் எழுத வேண்டும், அமைப்பு வாய்பாடானால் வரைய வேண்டும் என்பதை நான் கண்டிப்பாக வலியுறுத்துகிறேன். மனத்துக்குள் 'தெரியும்' என்று சொல்லிவிட்டு அட்டையைத் திருப்புவது இந்த முறையையே பாழாக்கிவிடும்.

உயிரியல் மூலக்கூறுகள், அன்றாட வாழ்வில் வேதியியல் ஆகிய அலகுகளுக்கு அட்டைகள் ஏறத்தாழ முழுமையாகவே போதும். வேதிவினை வேகவியல், அயனிச் சமநிலை, மின்வேதியியல் ஆகியவற்றில் நிலைமை வேறு. முதல் வகை வினை 99.9 விழுக்காடு நிறைவடைய ஆகும் நேரம் அதன் அரைவாழ் காலத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு என்பதை அட்டையில் எழுதி மனப்பாடம் செய்யலாம். ஆனால் 'நிறுவுக' என்று கேட்டால், 2.303-ஐ ஆயிரத்தின் மடக்கையான 3-ஆல் பெருக்கி 6.909 பெற்று, அதை 0.693-ஆல் வகுக்கும் படிகளுக்கே மதிப்பெண். இத்தகையவற்றுக்கு நாங்கள் வெற்றுத்தாள் முறையைக் கையாள்கிறோம். நூலை மூடிவிட்டு முழு வருவித்தலையும் எழுதி, பின்னர் நூலோடு ஒப்பிட்டு, விடுபட்ட படியை மட்டும் சிவப்பு மையால் நிரப்பி, சில நாள் கழித்து மீண்டும் புதிய தாளில் எழுதுவது. பொருள்மைய கனச்சதுர அமைப்பின் பொதிவுத்திறன் 68 விழுக்காடு என்பதும் அப்படித்தான்: எண் அட்டையில் இருக்கட்டும், அதை அடையும் வழி தாளில் வர வேண்டும். விடையில் அளவீட்டு அலகுகளை எழுதாமல் விட்டு மதிப்பெண் இழக்கும் பழக்கமும் இந்த ஒப்பீட்டில்தான் வெளிப்படுகிறது.

குறைகளில் முதன்மையானது நேரம். ஓர் அலகுக்கு அட்டை தயாரிக்க ஒரு விடுமுறை நாளின் பெரும்பகுதி போய்விடும். கவனிக்காவிட்டால் அட்டை எழுதுவதே படிப்பு என்று மாணவர் எண்ணிக்கொண்டு, வண்ணம் தீட்டி அழகுபடுத்துவதிலேயே பொழுதைச் செலவிடுவார். முந்தைய ஆண்டு மாணவர்களின் அட்டைகளை அடுத்த வகுப்புக்குக் கொடுத்துப் பார்த்தோம்; நேரம் மிஞ்சியது உண்மை, ஆனால் தாமே எழுதியவர்களுக்கு இருந்த பிடிப்பு அவர்களுக்கு வரவில்லை. இப்போது அவற்றை மாதிரிக்கு மட்டும் காட்டுகிறேன். கைப்பேசிச் செயலியான அன்கியையும் சில மாணவர்கள் நீண்டகாலம் பயன்படுத்தினார்கள். எந்த அட்டை எந்த நாளில் வர வேண்டும் என்பதை அதுவே கணித்துக்கொள்வதும், பேருந்துப் பயணத்தில் ஒரு மதிப்பெண் வினாக்களைப் பார்க்க முடிவதும் பெரிய வசதிகள். பென்சீன் வளையத்தையும் வினைச் சமன்பாட்டையும் அதில் ஏற்றுவது தொல்லை என்பதாலும், தேர்வு கையால் எழுதப்படுவது என்பதாலும், கரிம வேதியியலுக்குக் காகித அட்டையையே பரிந்துரைக்கிறேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் புதிய அட்டைகள் எழுதுவதை நிறுத்திவிடச் சொல்கிறேன். ஜனவரி முதல் எல்லா அலகுகளின் அட்டைகளும் கலந்தே இருக்க வேண்டும், ஏனெனில் வினாத்தாளில் உலோகவியலை அடுத்து அமீன்களும் அவற்றை அடுத்து கூழ்மங்களும் வரலாம். ஒவ்வொரு திருப்புதல் தேர்வின் விடைத்தாளும் கைக்கு வந்தவுடன், தவறவிட்ட வினாவுக்குரிய அட்டை எந்த அறையில் இருக்கிறதென்று தேடி முதல் அறைக்குக் கொண்டுவருகிறோம்; கணக்கு என்றால் வெற்றுத்தாளுக்கு அனுப்புகிறோம். அட்டை ஐந்தாம் அறையில் இருந்தும் தேர்வில் விடை தவறியிருந்தால், அந்த அட்டையின் வினா சரியாக எழுதப்படவில்லை என்று பொருள். அதைக் கிழித்துவிட்டு, தேர்வில் கேட்கப்பட்ட விதத்திலேயே புதிதாக எழுதுகிறோம். ஜனவரிக்குப் பிறகு நான் அனுமதிக்கும் ஒரே புதிய அட்டை அதுதான்.