1800-11-2356: சிகரெட் பாக்கெட்டில் இருக்கும் அந்த நம்பர் உதவுமா?

பாக்கெட்டைத் திருப்பினால் எச்சரிக்கைப் படத்தோடு கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தில் இந்த நம்பர் இருக்கும். 2018 செப்டம்பரிலிருந்து இதை அச்சிடுவது கட்டாயம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் புகையிலை நிறுத்த உதவி எண் இது. அழைப்புக்குக் காசு கிடையாது. 2016-இல் டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் தொடங்கி, பிறகு மும்பை டாடா நினைவு மையம், பெங்களூரு நிம்ஹான்ஸ், குவாஹாட்டி பருவா புற்றுநோய் நிலையம் என்று விரிந்தது. தமிழில் பேசுகிறவர்களின் அழைப்பு நிம்ஹான்ஸுக்குப் போகும்.

சிகரெட், பீடி, வாயில் அடக்கும் புகையிலை எதுவானாலும், வீட்டில் ஒருவர் விட நினைத்தால் முதலில் இதைத்தான் முயலச் சொல்வோம். பெரியவர்களுக்கு நல்ல சேவை. பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் ஓட்டை இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.

காலை 8 முதல் இரவு 8 வரை, திங்கள் விடுமுறை. பேசுவதற்கு முன் நான்கு விஷயங்களைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை, எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட், முன்பு எப்போது விட்டு எதனால் திரும்ப ஆரம்பித்தீர்கள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள். இரண்டாவது கேள்வி சும்மா கேட்பதல்ல. எழுந்த அரை மணிக்குள் பற்றவைக்கிறவருக்கு நிகோடின் பிடி அதிகம், அவருக்குச் சொல்லும் வழியும் வேறு. பேச்சின் முடிவில் விடும் தேதி ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மாமா வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாளைக் குறித்தால் பந்தலுக்குப் பின்னாலேயே அது உடையும்.

இந்தச் சேவையின் உயிர், ஆலோசகர்கள் உங்களைத் திரும்ப அழைப்பதில் இருக்கிறது. உலக அளவில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு, உதவி எண்ணுக்குப் பேசியவர்களைத் தொடர்ந்து கூப்பிட்டுப் பேசினால் விடுகிறவர்கள் 100-க்கு 7 பேரிலிருந்து 10 பேராக உயர்வதாகச் சொல்கிறது. மூன்று பேர்தானா என்று தோன்றும். இதுதான் நேர்மையான கணக்கு: ஒழுங்கான ஆய்வில், மறுபடி போனை எடுக்காத ஆளை ‘விடாதவர்’ என்றே எழுதிக்கொள்வார்கள். ‘90 சதவீத வெற்றி’ என்று போஸ்டர் ஒட்டும் மையங்களிடம், காணாமல் போனவர்களை எந்தப் பக்கம் எழுதினீர்கள் என்று கேளுங்கள்.

பெரும்பாலும் சறுக்குவது இந்தத் திரும்ப வரும் அழைப்பில்தான். தெரியாத நம்பர், லோன் கம்பெனி என்று நினைத்து கட் செய்துவிடுகிறார்கள். தேதி குறித்த கையோடு அந்த வாரம் வரும் அழைப்புகளை எடுத்துப் பேசுவது என்று வீட்டில் சொல்லி வைத்துவிடுங்கள். முதல் மூன்று நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும்.

புகையிலைக்குப் பதிலாக மெல்லும் நிகோடின் சூயிங்கம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘அது வேலை செய்யல’ என்பவர்களில் நிறைய பேர் அதை பபிள்கம் போல மென்றவர்கள். அப்படி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கல், குமட்டல், தொண்டை எரிச்சல்தான் மிச்சம். மெதுவாக மென்று, சுருக்கென்று காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். ஒரு கம் அரை மணி நேரம் வரும். டீ, காபி, ஜூஸ் குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் வாயில் உறிஞ்சாது; டீயும் தம்மும் ஒன்றாகவே பழகிய நம் ஊரில் இது முக்கியம். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று வேண்டும். நாளுக்கு இரண்டோடு நிறுத்திக்கொண்டால் ஆசை அடங்காது. 2 மி.கி. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும், 4 மி.கி.க்கு டாக்டர் சீட்டு வேண்டும். 18 வயதுக்குக் கீழ், கர்ப்பிணிகள், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

இனி அந்த ஓட்டை. பெட்டிக்கடையில் பையன் வாங்குவது ஒத்த சிகரெட். கம்பியில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு நகர்கிறான். பாக்கெட் கடைக்காரர் கையிலேயே இருக்கிறது, நம்பரும் அதோடு. 13 முதல் 15 வயது மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்துவதாக 2019 தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. பேசக் கூச்சப்படுகிற பையனுக்கு அதே அமைச்சகத்தின் இன்னொரு எண்ணான 011-22901701 பொருத்தம். மிஸ்டு கால் கொடுத்தால் எஸ்.எம்.எஸ்.சில் வழி சொல்லும்.

பள்ளிக்குள் எது பலிக்கும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. 2004 முதல் 2006 வரை சென்னையிலும் டெல்லியிலுமாக 32 பள்ளிகளில் ‘மைத்ரி’ ஆய்வு நடந்தது. ஆரம்பக் கணக்கிலேயே ஒரு அதிர்ச்சி: எட்டாம் வகுப்பைவிட ஆறாம் வகுப்பில்தான் புகையிலையைத் தொட்டவர்கள் அதிகம். அதாவது ஒன்பதாம் வகுப்பில் ஒரு சொற்பொழிவு வைத்தால் காலம் கடந்துவிட்டது. வகுப்பில் மாணவர் தலைவர்களே நடத்திய செயல்பாடுகள், போஸ்டர், பெற்றோருக்கு அஞ்சலட்டை என்று இரண்டு ஆண்டு ஓடியது. திட்டம் நடந்த பள்ளிகளில் புகையிலைப் பழக்கம் 17 சதவீதம் குறைந்தது. நடக்காத பள்ளிகளில் 68 சதவீதம் கூடியது. ஒப்பிட அந்தப் பள்ளிகள் இல்லாதிருந்தால், குறைந்தது எதனால் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

எல்லாப் பிரசாரமும் இப்படிப் பலிப்பதில்லை. அமெரிக்காவில் சிகரெட் தயாரிக்கும் பிலிப் மோரிஸ் நிறுவனமே ‘பிள்ளைகளிடம் பேசுங்கள்’ என்று பெற்றோரைப் பார்த்து விளம்பரம் செய்தது. 2006-இல் வெளியான ஆய்வில், அதை அதிகம் பார்த்த 10, 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் சிகரெட் ஆபத்து என்ற எண்ணம் குறைவாகவும் பிடிக்கும் எண்ணம் அதிகமாகவும் இருந்தது. நல்லெண்ணப் பிரசாரம் என்று நம்பி உள்ளே விடக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே உங்கள் பள்ளிக்கு விழிப்புணர்வுத் திட்டம் வந்தால், பணம் யாருடையது என்று முதலில் கேளுங்கள். அடுத்து, பிள்ளைகளிடம் பழக்கம் பற்றிக் கேட்கும் படிவத்தில் பெயர் எழுதச் சொல்கிறார்களா? ஆசிரியர் தலைக்கு மேல் நின்றால் ‘தொட்டதே இல்லை’ என்றுதான் விடை வரும். ஆய்வு என்றால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது, ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நெறிமுறைப்படி 12 வயதுக்கு மேல் பிள்ளையின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். பிள்ளை எழுதியதை வீட்டில் காட்டுவதில்லை என்ற உறுதியும் வேண்டும். ‘எங்களுக்காவது சொல்லுங்க சார்’ என்று கேட்கிற பெற்றோரால்தான் அடுத்த ஆண்டு விடைத்தாள் பொய்யாகிறது.

மதிப்பெண் கேட்டால், உதவி எண்ணுக்கு ஐந்துக்கு நான்கு. ஒத்த சிகரெட் வாங்குகிறவன் போனில் இரண்டு நம்பரையும் நீங்களே சேமித்துக் கொடுத்துவிடுங்கள், திங்கள் கூப்பிட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லி.