துணியா, சொட்டு மருந்தா, நீலக் கண்ணாடியா: கண் எரிச்சலுக்கு எது கேட்கும்?

மாதக் கடைசி வந்தால் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் மட்டும் இரவு எட்டரைக்கும் விளக்கு எரியும். கூடவே என் கண்ணும் எரியும். மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தேய்த்துவிட்ட மாதிரி ஒரு காந்தல். இதற்காக நான் வாங்கிப் பார்க்காத பொருள் குறைவு.

முதலில் ஏமாந்தது நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியில். பவர் மாற்றப் போன கடையில், "நாள் முழுக்க கம்ப்யூட்டரா? அப்போ இது கட்டாயம்" என்றார்கள். கூடுதலாக எண்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மூன்று மாதம் போட்டேன். திரை லேசாக மஞ்சளாகத் தெரிந்ததோடு சரி. 2023இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசியது. கண் களைப்பைப் பொறுத்தவரை, குறுகிய காலத்தில் சாதாரண லென்ஸைவிட இது மேல் என்று சொல்ல வழியில்லை என்பதுதான் அதன் முடிவு. நாற்பதைத் தாண்டியவர்கள் அந்தக் காசைத் திரை இருக்கும் தூரத்துக்கென்றே அளவெடுத்த கண்ணாடியில் போடலாம்.

எரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் ஒளி இல்லை, இமைக்க மறப்பது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை இமைக்கிறோம். எக்செல்லில் மூழ்கினால் அது பாதிக்கும் கீழே போய்விடும். அதிலும் பல முறை இமை பாதிதான் மூடும். கண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று இருக்கிறது. இமை ஓரத்துச் சுரப்பிகளிலிருந்து வரும் அந்த எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கிறது. இமை முழுதாக மூடித் திறந்தால்தான் அது ஒழுங்காகப் பரவும். சிங்கப்பூரில் வெளியே சட்டை முதுகில் ஒட்டுகிற புழுக்கம். உள்ளே பத்து மணி நேரம் ஏர்கான் காற்று. கண் காய்வது உள்ளேதான்.

சொட்டு மருந்துக்கு வருவோம். மருந்துக் கடை அலமாரியில் இரண்டு வகை பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். சிவப்பைப் போக்கும் வகை இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. மீட்டிங்குக்கு முன்னால் விட்டால் கண் பளிச்சென்று ஆகிவிடும். தொடர்ந்து விட்டால் மருந்தின் வேகம் இறங்கியதும் சிவப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். காய்ந்த கண்ணுக்கு வேண்டியது செயற்கைக் கண்ணீர். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தும் மருந்து சேர்க்காத சின்னக் குப்பிகளாக வாங்குங்கள். பாட்டிலில் பதப்படுத்தச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு அடிக்கடி பட்டால் அதுவே கண்ணை உறுத்தும். குப்பி விலை கூடத்தான். நுனியைத் திருகிப் பிய்த்து, கீழ் இமையை இழுத்து, மேலே பார்த்தபடி ஒரு சொட்டு. பிறகு ஒரு நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும். இரண்டு மூன்று விட்டால் கன்னத்தில்தான் வழியும்.

ஆனால் என் ஓட்டு வெந்நீர்த் துணிக்கு. அம்மா தஞ்சாவூரிலிருந்து போன் போட்டு, "சூடு பிடிச்சிருக்கு, வெள்ளரிக்காய் வை, நந்தியாவட்டைப் பூவை வை" என்பார். மூடிய இமைமேல் வைத்தால் குளிர்ச்சி சுகம்தான், அரிப்பும் அடங்கும். எண்ணெய் கட்டித்துப் போன சுரப்பிக்கோ சூடுதான் வேண்டும். நெய் உருக அடுப்பு வேண்டாமா? வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மணிக்கட்டில் வைத்து இதமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மூடிய கண்மேல் பத்து நிமிடம். துண்டு இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். அலுத்துப்போய் மைக்ரோவேவில் சூடாக்கும் முகமூடி ஒன்று வாங்கினேன். அந்தச் செலவுக்கு மட்டும் வருத்தமில்லை. ஒரே நாளில் குணம் தெரியாது, எனக்கு இரண்டு வாரம் ஆனது. தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) வாங்கிய பன்னீரையோ பூச்சாற்றையோ கண்ணுக்குள் விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கிருமி நீக்கியது இல்லை.

காசில்லாதது 20-20-20: இருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இருபது அடி தூரத்தில் இருப்பதை இருபது நொடி பார்ப்பது. எங்கள் அறைச் சுவர் பத்தடியில் முடிகிறது. அதனால் ஜன்னலோரம் போய், பினக்கிள் அட் டக்ஸ்டன் அடுக்குமாடிக் குடியிருப்பின் 26ஆவது மாடிப் பாலத்தைப் பார்த்தபடி பத்து தடவை கண்ணை இறுக்கி மூடித் திறப்பேன். அலாரம் வைக்காவிட்டால் நிச்சயம் மறந்துவிடும்.

வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்த்தால் கூச்சம், ஒரு கண் மட்டும் சிவப்பது, இதில் எது இருந்தாலும் இவை எதையும் முயலாமல் டாக்டரிடம் போங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் அதைக் கழற்றிவிட்டு, அன்றைக்கே.

அப்புறம் ஒன்று. என் நாற்காலிக்கு நேர் மேலே ஏர்கான் துவாரம். போன மாதம் ஓர் அட்டையை ஒட்டிக் காற்றைத் திருப்பிவிட்டேன், திரையையும் கண் மட்டத்துக்குக் கீழே இறக்கினேன். கீழ்நோக்கிப் பார்க்கும்போது கண் குறைவாகத்தான் திறந்திருக்கும், காய்வதும் குறையும். இப்போது பக்கத்து மேசைக்காரர் தன் தலையில் குளிர் அடிக்கிறது என்கிறார்.