'1950 கவுன்' வாங்குகிறீர்களா? உள்பக்கப் படம் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்

விளம்பரத்தில் இருந்தது: 'ஐம்பதுகளின் அசல் நியூ லுக் கவுன்'. பொம்மைக்கு மாட்டி எடுத்த மூன்று படம், மூன்றும் முன்பக்கம். ஒட்டிய இடுப்பு, குடை போல விரிந்த பாவாடை. வந்ததை உள்பக்கம் திருப்பியதும் குட்டு உடைந்தது. 1980களில் தைத்த கவுன். கேட்டதற்கு, "ஸ்டைலைத்தான் சொன்னேன், வருஷத்தைச் சொல்லலையே" என்று பதில். பணம் திரும்பவில்லை.

இந்த வித்தை எடுபடக் காரணம் உண்டு. நியூ லுக் என்பது 1947-இல் பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் கொண்டுவந்த உருவம்; அதை எண்பதுகளில் மறுபடி தைத்தார்கள். நாற்பதுகளின் அகலத் தோளும் அப்போது திரும்பி வந்தது. தூரத்தில் நின்று பார்த்தால் அசலும் நகலும் ஒன்றுதான். வெட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

முதலில் கைக்குழி. ஐம்பதுகளின் கவுனில் பெரும்பாலும் அக்குளை ஒட்டி உயரமாக வெட்டியிருக்கும். உடம்போடு சேர்த்து வெட்டிய கிமோனோ கை என்றால், கை தூக்க வசதியாக அக்குளில் சாய்சதுரத் துண்டு வைத்துத் தைத்திருப்பார்கள். இதில் கைக்குழி தொளதொளவென்று கீழே இறங்கியிருந்தது, துண்டும் இல்லை. மார்பில் டார்ட் (உடம்பு வளைவுக்கு ஏற்பத் துணியை மடித்துப் போடும் தையல்) கிடையாது, வெறும் சுருக்கு. பின் இடுப்பில் எலாஸ்டிக். அப்படியானால் படத்தில் இடுப்பு எப்படி ஒட்டியது? பின்னால் இழுத்துக் குண்டூசி குத்தியிருக்க வேண்டும்.

ஜிப் நைலான். அது பரவலானது அறுபதுகளில். அதற்கு முன் உலோகம், அதுவும் பல கவுன்களில் இடது பக்கத் தையலில். ஆனால் ஜிப்பை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், பழைய கவுனுக்கு ஜிப் மாற்றுவது சகஜம். மாற்றியிருந்தால் புதுத் தையலுக்குப் பக்கத்தில் பழைய ஊசித் துளைகள் பெரும்பாலும் தெரியும். இதில் துளையே இல்லை. துணி ஓரம் பிரியாமல் மெஷினில் போடும் ஓவர்லாக் தையலும் இப்படித்தான், அது மட்டும் சாட்சியாகாது.

கையும் களவுமாகப் பிடித்துக்கொடுத்தது பக்கத் தையல். அங்கே கத்தரித்த வெள்ளை நாடாவின் அடிக்கட்டை, நகக்கண் அளவுக்கு. துவைக்கும் முறை சொல்லும் லேபிள் அது. அமெரிக்காவில் 1972-இல்தான் கட்டாயமானது, அதனால் வெட்டிவிட்டார்கள். பக்கத்திலிருந்த தொழிற்சங்க லேபிளை வெட்ட மறந்துவிட்டார்கள். அமெரிக்கப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கமான ஐ.எல்.ஜி.டபிள்யூ.யு.வின் சிவப்பு, வெள்ளை, நீல லேபிள் வந்தது 1974-இல்.

துணியையும் இழுத்துப் பாருங்கள். ரப்பர் போல இழுபட்டால் அதில் ஸ்பாண்டெக்ஸ் நூல் இருக்கலாம்; அதைக் கண்டுபிடித்ததே 1958-இல். 'நாற்பதுகளின் கவுன்' பாலியெஸ்டராக இருந்தால் பேச்சே வேண்டாம், அந்தத் துணி அப்போது கடைக்கே வரவில்லை.

பணம் அனுப்பும் முன் கேட்க வேண்டிய படங்கள்: உள்பக்கம் திருப்பிய இரண்டு பக்கத் தையல், ஜிப்பின் கீழ்முனை, கைக்குழி, பின் இடுப்பு. கவுனைத் தரையில் பரப்பி மார்பும் இடுப்பும் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பழைய லேபிளின் 14 இன்றைய 14-ஐவிடச் சிறியது. 'ஸ்டைல்', 'ரெட்ரோ' என்று மட்டும் இருந்தால், தைத்த காலம் எது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பி அனுப்ப நேர்ந்தால் கையில் இருக்கப்போவது அந்த ஒரு வரிதான்.